ஆட்சேபணை இல்லை

சோமனூர் பேக்கரியில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.
இரண்டு டீ, ஒரு தேங்காய் பன்.
பன்னை இருவருமே தொடவில்லை.
சுகந்தாமணி பிளாஸ்டிக் கவரிலிருந்து தாளை எடுத்து
மேசையில் ஈரமில்லாத இடம் பார்த்து விரித்தாள்.
"படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க."

படித்தேன்.
எட்டுத் தறிக்குக் கடன் வாங்கிய அன்று
ஜாமீன்தாரர் என்ற கோட்டின் மேல் அவள் போட்டது
குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள்,
ஒரு வரிகூடப் படிக்காமல்.
நகையெல்லாம் போன பிறகும்
அந்தத் தாளைப் பற்றி ஒரு பேச்சுப் பேசியதில்லை.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை என்று
இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

"எங்கள் மகள் நிதர்சனாவுக்குப் பாஸ்போர்ட் வழங்குவதில்
எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."
எங்கள். எங்களுக்கு.
அவள் அவினாசிக்குப் போய் இரண்டு வருஷம்;
இந்த ஒரு தாளில் மட்டும்
ஒரே வீட்டில் இருந்தோம்.

வேலை ஜோர்டானில்.
பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர்.
ஊர்ப்பெயர் அம்மான்.
ஏதோ மாமன் வீடென்று நினைத்துக்கொண்டு
"லீவு முடிஞ்சா வந்துருவமல்ல?" என்றாளாம் பாப்பா.

ஆட்சேபணை இல்லையா எனக்கு?
தறிக்கூடத்துக்கு அடுத்த அறையில் தூங்கிப் பழகியவள் அவள்.
எட்டும் ஓடினால் தூங்குவாள்.
கரண்ட் போனால்
அந்த அமைதியில் வீறிட்டு எழுவாள்.
தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடந்தபடி
டக்கட டக்கட டக்கட என்று
வாயாலேயே தறி ஓட்டுவேன்,
கரண்ட் வரும்வரை, சில நாள் விடியும்வரை.
பெயர், முகவரி, ஆதார் எண், இடம், தேதி.
வேறெதுவும் கேட்கவில்லை தாள்.

போட்டேன்.

நாலாம் நாள் போன்:
"திருப்பிட்டாங்க. பான் கார்டுல இருக்கற கையெழுத்து வேறயாமுங்க."
எடுத்துப் பார்த்தேன்.
கல்யாணத்துக்கு முந்திய கை.
ரா. நாச்சிமுத்து, ஒவ்வொரு எழுத்தும்
போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிமிர்ந்து நிற்கிறது.
இப்போது போடுவது
இழை அறுந்து தொங்குகிற ஒரு இழுப்பு.
நூல் பில்லின் முதுகில் எழுதிப் பழகினேன்,
இருபது, முப்பது, 'ச்' புள்ளி வைக்க மறந்து மறுபடியும்.
அவளை அனுப்புவதற்கு
நான் பழைய ஆளாக வேண்டியிருந்தது.

கோவை, அவினாசி ரோடு.
தாள் போதும், ஆள் வேண்டாம் என்றார்கள்.
போனேன்.
மேம்பாலத் தூணின் நிழல் நகர நகர
நானும் நகர்ந்து நின்றேன்.
பதினொன்றே முக்காலுக்கு ஓடி வந்தாள்.
"என்னையுங் கையெழுத்துப் போடச் சொன்னாங்கப்பா!
கட்டத்துக்கு வெளிய போயிருச்சு,
பரவால்லன்னுட்டாங்க."
பிறகு, ஷூ நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு,
"அங்க தறி இருக்குமுங்களா?"

"தெரியல சாமி" என்றேன்.

ஆட்டோவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த சுகந்தாமணி
திரும்பாமலே சொன்னாள்:
"தையல் மெசின் இருக்கும்.
அது வேற சத்தம்."