இரண்டாம் மணி

மருந்துக்கடை ஷட்டரை இறக்கிவிட்டு
குளச்சல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வருவேன்.
பத்தரைக்குத்தான் அவன் உள்ளே வருவான்.
கத்தாரில் இப்போது மணி எட்டு என்பான்,
மெஸ்ஸில் இன்றைக்கும் பருப்பு என்பான்,
மணல்காற்று ஏசியின் மூக்கை அடைத்துவிட்டது என்பான்.

நான் தட்டச்சு மட்டும்.
மைக் கெட்டுப்போனது என்று சொல்லியிருந்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
அண்ணி உறங்காமல் கிடக்கிறாள் என்பதை
பெங்களூரில் தனியாக அறையெடுத்துத் தங்கியிருக்கும் ஒருத்தி
எப்படிச் சொல்ல முடியும்?

பனியைப் பார்த்திராத நாங்கள்
பனிக்காட்டில் வீடு கட்டினோம்.
அவன் பெயர் அங்கே நெத்திலி.
என் பெயர் ஓங்கல்.
அவன் மரம் வெட்டுவான், நான் மான்கறி சுடுவேன்.
ஓநாய்கள் வளைத்த இரவில்
அவன் உயிர்க்கோடு சிவந்து துடித்துக்கொண்டிருக்க
கடைசிக் கட்டுத்துணியை என் கையில் சுற்றினான்.
பகலெல்லாம் காஸ் துணி விற்கிறவள் நான்.
திரையை அணைத்துவிட்டு
வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

கதவுக்கு நாலு எண் வேண்டும் என்றது ஆட்டம்.
3011 என்றான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
எங்கள் கரையில் யாரும் கேட்க மாட்டார்கள்,
அந்தக் காற்று எந்தத் தேதியில் வந்தது,
எத்தனை பேர் திரும்பவில்லை என்று.
கேட்டிருக்க வேண்டும்.
கேட்டிருந்தால்தான் நான் பெங்களூர்க்காரி.

வியாழன் இரவுகளில் விடிய விடிய ஆடுவோம்.
வெள்ளிக்கிழமை அங்கே லீவு.
அஞ்சரைக்கு அஞ்சு நிமிசம் இருக்கையில்
தண்ணி குடிச்சிட்டு வாறேன் என்று மைக்கை அணைப்பான்.
ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கிற மனுசன் என்று
எனக்கு அதுவும் பிடித்திருந்தது.
மார்ச்சில் ஊருக்கு வருவேன், பார்க்கலாமா என்றான்.
ரயிலுக்குப் பதிவு செய்கிறேன் என்று எழுதினேன்.

ஒரு வெள்ளி அவன் மறந்துவிட்டான்.
கோயிலில் திருந்தாதி மணி அடித்தது.
மூன்று. நிறுத்தி மூன்று. நிறுத்தி மூன்று.
ஜன்னல் வழியாக ஒருமுறை,
ஹெட்போனுக்குள் ஒருமுறை.
நடுவில் ஒரு இமைப்புக்கும் குறைவு.

ஒரே மணிக்குக் கீழேதான் இருந்திருக்கிறோம்.
என் கடையில் அவன் இருமல் மருந்து வாங்கியிருக்கலாம்,
சில்லறை இல்லையென்று நான் மிட்டாய் கொடுத்திருக்கலாம்.
அவனுடைய வெயிலுக்காக எத்தனை இரவு
நெஞ்சுருகிக் கிடந்திருக்கிறேன்!

நானும் பொய் சொன்னவள் என்பது
அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

எங்களை நெடுநாளாகத் தேடிய எதிர்க்குழுவுக்கு
அன்று ராத்திரி நாலு எண் அனுப்பினேன்.
வேறு ஒன்றும் எழுதவில்லை.
விறகு, கறி, விளக்கு, அவன் செய்த கோணல் நாற்காலி
எல்லாம் அள்ளிக்கொண்டு
சுவருக்கும் தீ வைத்துப் போனார்கள்.

மறுநாள் சாம்பல் நடுவில் நின்றுகொண்டு சொன்னான்:
"எல்லாம் போச்சு பிள்ளே.
நீ விசனப்படாத.
மரம் இருக்குல்லா, கோடாலி இருக்குல்லா."
கதவு வைத்ததும் எண் கேட்டது.
நீயே சொல்லு என்று எழுதினேன்.
அவன் குரல் வர நேரமானது.
"இந்தவாட்டி பூட்டு வேண்டாம்."

அடுத்த வெள்ளி, அஞ்சரைக்கு அஞ்சு நிமிசம்.
தண்ணீர் குடிக்க அவன் போகவில்லை.
மைக்கின் பச்சைப்புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.
மூன்று. மூன்று. மூன்று.
அவன் மூச்சு கேட்டது.
நான் வெளியேறும் பொத்தானை அழுத்தினேன்.

இப்போது கடையில்
சீட்டை வாங்கிப் பார்ப்பதற்கு முன்
என்ன வேண்டும் என்று கேட்கிறேன்,
எல்லா ஆண்களிடமும்.
முதலாளி சலித்துக்கொள்கிறார்:
"அதான் எழுதியிருக்குல்லா ஷெர்லின்?"