நடு இருக்கை

இருபத்தாறு வருடம் பால்டிக் கடலில் கப்பலோட்டியவன் நான்.
நவம்பர் புயலில் கீழ்த்தளத்து லாரிகள்
சங்கிலியை இழுத்துக்கொண்டு முனகிய இரவிலும்
பட்டாணி சூப்பை ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தவன்.

என்னை மண்டியிட வைத்தது
ரோஜாப்பூ வரைந்த ஒரு ஃபைபர் டீக்கோப்பை.

ஹில்க்காவோடு பழக ஆரம்பித்த புதிது அப்போது.
அவள் ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தாள்.
பார்த்தது ஒரு கடற்காகம் மட்டும்.

இன்று அவள் மகனோடு வந்திருக்கிறேன்.
வெய்க்கா. பதினொரு வயது.
சாலைப் பலகையை வாசிப்பதுபோல
என்னை "இஸ்மோ" என்று கூப்பிடுபவன்.

போன வாரமே மருந்துக்கடைக்குப் போனேன்.
"கப்பல் பயணமா?" என்றாள் கடைக்காரி.
ஆமாம் என்றேன், கப்பல்காரனின் முகத்தோடு.
மாத்திரை ஒரு மணி நேரம் முன்னால்.
காலையில் உப்பு பிஸ்கட் இரண்டு.
காபி வேண்டாம் என்றதும்
ஹில்க்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.
கடைவாயில் இஞ்சி மிட்டாய்,
சட்டைக் கைக்குள் ஒரு சாம்பல் நிறப் பட்டை:
மணிக்கட்டு நரம்பை அழுத்த அதில் பிளாஸ்டிக் குமிழ்.
"இது வேலை செய்யுமா?"
"கழற்றாமல் இருந்தால்."

காதுக்குள் கொஞ்சம் நீர் இருக்கிறதாம்.
அது சொல்கிறது: சுழல்கிறோம்.
கண் சொல்கிறது: இல்லை, ரோஜாப்பூ இருந்த இடத்திலேயே இருக்கிறது.
சாட்சிகள் முரண்பட்டால்
தண்டனை வயிற்றுக்கு.
கடலில் எனக்கு ஒரு ஜன்னல் இருந்தது,
அதில் எந்நேரமும் பொய் சொல்லாத ஒரு கோடு.

ரோலர் கோஸ்டருக்கு ஐம்பது நிமிட வரிசை.
யாரோ பின்னால் நின்று
கறுப்பு சாசேஜை லிங்கன்பெர்ரி ஜாமில் தோய்த்துத் தின்றார்கள்.
தரையைப் பார்த்து மூச்சு விட்டேன்.
"நடுவில் உட்காரலாமா? அங்கேதான் காட்சி நன்றாயிருக்கும்."
உடனே தலையாட்டினான்.
முன் இருக்கைக்கு அடித்துக்கொள்கிற வயது.
கவனித்திருக்க வேண்டும் நான்.
வளைவுகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

டக் டக் டக் என்று ஏறியது.
உச்சியில் ஒரு நொடி
ஏரி முழுவதும், அதன் கடைசிக் கோடும்.
பிடித்துக்கொண்டேன் அதை.
பிறகு அது
தலைக்கு மேலே போனது,
காலுக்குக் கீழே போனது,
எங்கேயும் இல்லாமல் போனது.

இறங்கியபோது நின்றேன். ஆச்சரியம்: நான் நின்றேன்!
"எப்படி இருந்தது?" என்று திரும்பினால்
வெய்க்காவின் முகத்தில் பாசி நிறம்.
என் இடது ஷூவில் எல்லாவற்றையும் கொட்டினான்.

நெற்றியைத் தாங்கினேன். அவன் சட்டைக் கை மேலேறியது.
சாம்பல் நிறப் பட்டை.
திருப்பிப் போட்டிருந்தான்,
குமிழ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"கப்பல் பயணமான்னு கேட்டாளா?"
"ம்."
"என்ன சொன்னே?"
"ஆமாம்னு."
வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:
"உனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்னு அம்மா சொன்னாள்."

அதைக் கேட்டதும்தான்
என் வயிறு தன் முறைக்கு எழுந்தது.
குப்பைத் தொட்டி பக்கத்தில் இருந்தது, புண்ணியம்.

கரையோர பெஞ்சில் உட்கார்ந்தோம், ஏரியைப் பார்த்து.
மணிக்கட்டுச் சீட்டுகள் இரவு ஒன்பது வரை செல்லும்.
ஒரு ஷூ குழாயடியில் காய்ந்துகொண்டிருந்தது.
பின்னால் யாரோ வீறிட்டுக்கொண்டே போனார்கள், வந்தார்கள்.
ஹில்க்காவிடமிருந்து செய்தி: எத்தனை தடவை?
போனைப் பிடுங்கி "ஏழு" என்று தட்டினான்.

நிறைய நேரம் கழித்து:
"கப்பலில் நீ நிஜமாவே எடுத்ததில்லையா?"
"இல்லை."
ஒரு படகு தூரத்துக் கோட்டில் ஊர்ந்தது.
"தொண்ணூத்தெட்டில். ஒரு தடவை."
"எவ்வளவு?"
"சூப் முழுக்க."

அவன் சிரிக்கவில்லை.
கடைசி பிஸ்கட்டை உடைத்தான்.
பெரிய துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டான்.