ஒன்பது கிலோ

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில்
ஸ்டென்ட் வைத்து அடைப்பை எடுத்தார்கள்.
வீட்டுக்கு அனுப்பிய சீட்டில்
நலம் என்று எழுதியிருந்தது.
நலம்தான். மூச்சு வருகிறது.
வலங்கைமான் ரேஷன் கடையில்
முப்பத்தொரு வருஷம் அரிசி நிறுத்துப் போட்ட கைக்கு
ஊறுகாய் பாட்டில் மூடிதான் திறக்க வரவில்லை.

இன்று பரிசோதனை.
மங்கையர்க்கரசி என்று கூப்பிட்டது
மூன்றாம் முறைதான் காதில் விழுந்தது.
பிசியோதெரபி பையன் இன்பராஜ்
நாற்காலியிலிருந்து எழுந்து அந்தக் கோடுவரை
நடந்து திரும்பி உட்காரச் சொன்னான்.
இருபத்திரண்டு விநாடி.
பிடி பார்க்கும் கருவியில் முள்
ஒன்பது கிலோவில் நின்றுவிட்டது.
ஒரு கார்டுக்குக்கூடப் பத்தாது.

அப்புறம் கேள்விகள்.
தனியாகவா இருக்கிறீர்கள்?
சாப்பாடு இறங்குகிறதா?
எதிலாவது மனசு போகிறதா?
எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தேன்.
நெஞ்சுவலிக்கு முன்னால் எப்படி நடந்தீர்கள்?

அங்கே நின்றேன்.
குடமுருட்டிப் படித்துறைக்கு இறங்கி
இரண்டு வருஷம் ஆகிறது.
முழங்கால் என்று சொல்லிக்கொண்டேன்.
ஆற்றில் தண்ணீர் இல்லை என்றும் சொன்னேன்,
தண்ணீர் வந்த வருஷத்திலும்.
பாதியை அப்போதே கொடுத்துவிட்டிருக்கிறேன்.
பன்னிரண்டு நாள் கட்டில் ஒரு பங்கு தின்றது.
நெஞ்சு எடுத்தது கொஞ்சம்தான்.

தம்பி, எடை குறைந்தால்
மூட்டையில் எங்கெங்கே ஓட்டை என்று பார்ப்போம்,
கடைசியாய்த் தூக்கியவனை மட்டும் திட்டமாட்டோம் என்றேன்.
எழுதிக்கொண்டான். என்ன எழுதினானோ.

திரும்பும்போது
மினி பஸ்ஸில் படி உயரம்.
கண்டக்டர் கையை நீட்டினான்.
பிடித்தேன்,
ஒன்பது கிலோவையும் போட்டு.