ஒன்பதாவது டப்பா

கிராண்ட் ரோடு கிடங்கில் கிடைத்தவை
ஒன்பது டப்பாவில் எட்டு.
கெய்ரோவில் எடுத்த படம்,
திரைக்குப் பேச்சு வந்த புதிது.
பாஷாவின் மகள், ஊத் வாசிக்கிறவன்,
இருவருக்கும் நடுவே ஒரு பால்கனி,
பதினோரு பாட்டு.

மரோலில் மூன்றாம் மாடி, குளிர் அறை.
வாய் திறக்கும் இடத்தில் ஓர் எண்,
மூடும் இடத்தில் ஓர் எண்,
இதுதான் என் வேலை.
அர்த்தம் வேறொருவர் பொறுப்பு.
அந்த வேறொருவர்
ஜூலையில் முன்பணம் வாங்கியதும்
போனை அணைத்துவிட்டார்.

லிஃப்ட் சரிபார்க்க வந்த சுடலைக்கண்
கதவிடுக்கில் காது வைத்து நின்றார்,
சட்டையில் தாராவி மழை சொட்ட.
"அரபில்லா இது?"
தம்மாமில் பதினோரு வருஷமாம்.
ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"லேல்னா ராத்திரி.
நைட் ஷிஃப்டுக்கு அப்படித்தான் சொல்லுவானுவ.
அதையே இம்புட்டு நேரம் இழுக்கானே,
என்ன கஷ்டமோ."

"அல்பு அல்புங்கான், அது தெரியல...
ஏ, கல்பு!
நெஞ்சு, நெஞ்சு.
எங்க போர்மேனுக்கு ஆப்ரேஷன் பண்ணுனாங்கள்லா,
அப்ப கேட்டது.
இவன் ஊர்ல முதல் எழுத்த முழுங்கிருதான் போல."

ஹபீபி வந்தது.
நான் முந்திக்கொண்டேன்: "இது தெரியும், அன்பே."
அவர் சிரித்த சிரிப்பில்
திருகுளி மடியிலிருந்து விழுந்தது.
"எட்டு மாசச் சம்பளம் நின்னுபோச்சும்மா.
போய்க் கேட்டா
தோள்ல கையப் போட்டு இதத்தான் சொல்லுவான் முதலாளி.
ஹபீபி. புக்ரா."

புக்ரா என்றால்?

"நாளைக்கு."

எட்டாவது டப்பாவின் கடைசியில்
அவள் பால்கனிக்கு வருகிறாள்.
பிலிமில் புழு தின்ற வெள்ளை
அவள் கழுத்தில் நகைபோல் துள்ளுகிறது.
கீழே அவன்.
ஊத் பாதியில் நிற்க
ஒரே ஒரு சொல் சொல்கிறாள்.
எனக்கே புரிந்தது.

சுடலைக்கண் எழுந்து
பையில் சாமான்களை அடுக்கத் தொடங்கினார்.
"வரமாட்டா."

"ஒன்பதாவது டப்பா கிடைக்கலைங்க.
யாருக்கும் தெரியாது."

"கிடைக்காட்டி என்ன?
நான் பாத்த படம்தான்."

பேசியவர் பணத்தை வாங்காமல் போனார்.
மொழிபெயர்ப்பு என்ற வரியில்
அவர் பெயரைப் போட்டு அனுப்பினேன்;
கணக்கர் அதைப்
பராமரிப்புச் செலவில் சேர்த்துவிட்டார்.

அவளுடைய அந்தச் சொல்லுக்கு
மூன்று நொடியும் எட்டுச் சட்டமும்.
தமிழில் எழுதிப் பார்த்தேன்,
இந்தியில் எழுதிப் பார்த்தேன்.
எந்த மொழியிலும் அது
சீக்கிரம் முடிந்து
மிச்ச நேரம் அவள் முகம் மட்டும் இருந்தது.
அப்படியே விட்டுவிட்டேன்.

லிஃப்ட் இன்னும்
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில்.
ஒரு பெல்ட் வாங்க வேண்டுமாம்.
படியிறங்கும்போது போன் செய்தார்,
பின்னால் சயான் ஸ்டேஷன் அறிவிப்பு:
"நாளைக்கு வந்திருதேம்மா."
சொன்னபிறகு
அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை,
நானும்.