சிவப்பு முக்கோணம்

முப்பதுக்கு இருபத்தெட்டு.
டாக்டர் லிம் என் மகனைவிட இளையவர்,
தாளைத் திருப்பிக் காட்டிச் சிரித்தார்:
"உங்கள் வயதுக்கு இது பிரமாதம், அங்கிள்."

கடிகாரம் வரைந்தேன். பதினொன்று பத்து.
நூறிலிருந்து ஏழேழாய்க் கழித்தேன்,
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு,
போதும் என்ற பிறகும் இரண்டு படி இறங்கிப் போனேன்.
எண்களோடு எனக்கு என்றும் தகராறு இல்லை.
முப்பத்தோரு வருடம் வீடுவீடாய் மீட்டர் பார்த்தவன்,
தோ பாயோவிலிருந்து பொத்தோங் பாசிர் வரை.

ஐந்து சொற்கள் சொல்லி, பிறகு கேட்பேன் என்றார்.
படகு, துடைப்பம், எலுமிச்சை, கதவு, மஞ்சள்.
மூன்று வாரமாகிறது. போகமாட்டேன் என்கின்றன.
குளிக்கும்போது படகு. தூக்கம் வராவிட்டால் துடைப்பம்.
யாருக்கும் வேண்டாத ஐந்து பேர்
வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறார்கள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை
கோப்பிக்கடையில் எதிரே உட்கார்ந்திருந்தவர்,
பதினெட்டு வருடமாய் எதிரே உட்காருகிறவர்,
அவர் பெயர் என் வாயில் இல்லை.
சர்க்கரை போடாமல் குடிப்பார்,
இடது முட்டியில் அறுவை, மூத்த மகன் பெர்த்தில்,
எல்லாம் தெரியும்.
"அபாங்" என்று கூப்பிட்டுச் சமாளித்தேன்.
வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வந்தது:
ஹஸ்புல்லா.
நிறுத்தத்தில் யாருமே இல்லாத நேரத்தில்
கதவைத் திறந்து காத்திருக்கும் கடைசிப் பேருந்து மாதிரி.

"எல்லாருக்கும் வருவதுதான்பா" என்கிறான் மகன்.
"நீங்கள் எப்போதும் இப்படித்தான்,
கல்யாணத்தன்றே தாலியை எங்கே வைத்தோம் என்று தேடினவர்"
என்கிறாள் சற்குணம்.

எனக்கு ஒன்று தெரியும்.
தண்ணீர் மீட்டரின் கண்ணாடிக்குள்
சின்னதாய் ஒரு சிவப்பு முக்கோணம் உண்டு.
வீட்டில் எல்லாக் குழாயும் மூடியிருக்கும்.
வாளி காய்ந்திருக்கும், தரை காய்ந்திருக்கும்.
வீட்டுக்காரர் சத்தியம் செய்வார்.
முக்கோணம் மட்டும்
யோசித்து யோசித்துச் சுற்றும்.
எங்கோ சுவருக்குள் கசிகிறது என்று பொருள்.
சுவர் நனைந்து தெரிய ஒரு வருடம் ஆகலாம்.
லோரோங் ஐந்தில் ஒருவர்
நான் பொய் சொல்கிறேன் என்று கதவைச் சாத்தினார்.
ஏழாவது மாடி, முந்நூற்றுப் பன்னிரண்டு.
எண் இருக்கிறது. அவர் முகம் போய்விட்டது.

இருபத்தெட்டு என்றால்
சுவர் இன்னும் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நேற்றிரவு தண்ணீர் குடிக்கப் போனேன்.
(எதற்குப் போனேன் என்பது நினைவிருந்தது,
அதையும் கணக்கில் சேர்க்கவும்.)
அடுப்புக்குப் பக்கத்து நாள்காட்டியில்
கிழித்த தாள்களைக் கொத்தாகச் செருகி வைத்திருக்கிறாள்.
கடைக் கணக்கு என்றுதான் எடுத்தேன்.
பின்பக்கம் பென்சிலில், அவள் கையெழுத்து:
அடுப்பு அணைத்தாயிற்று.
அடுப்பு அணைத்தாயிற்று, தொட்டுப் பார்த்தேன்.
மருமகள் பெயர் நித்திலா.
அடுப்பு அணைத்தாயிற்று.
மார்ச் மாதத்திலிருந்து.

உள்ளே யார் குளிக்கிறார்கள் என்று
மீட்டர் பார்ப்பவன் கேட்பதில்லை.
எண்ணைப் படிப்பான்,
கம்பிக்கதவைச் சத்தமில்லாமல் சாத்துவான்.
தாள்களை இருந்த வரிசையிலேயே வைத்தேன்.
அடுப்பை நானும் ஒருமுறை தொட்டேன்.
சில்லென்று இருந்தது.

காலையில் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்:
"அந்த டாக்டர் என்னதான் சொன்னார்?"

அன்றைக்கே சொன்னேனா,
சொல்லவே இல்லையா?
இரண்டு பேரில் யார் மறந்தது என்று
அந்தச் சமையலறையில் சாட்சி சொல்ல ஆளில்லை.

"இருபத்தெட்டு" என்றேன்.

"நூறுக்கா?" என்றாள்.