பாடபேதம்

மார்பர்க்கில் இரண்டு வருடம்
நான் படித்தது எழுத்தை. கடவுளை அல்ல.
விண்ணப்பத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தேன்.

ஊர் நாசரேத் என்றதும் வகுப்பே சிரித்தது.
திருச்செந்தூர் ரயில் நிற்கிற நாசரேத் என்றேன்.
இன்னும் சிரித்தார்கள்.

புதன்கிழமை காலை எட்டேகாலுக்கு எபிரேயம்.
படிகளில் பனி இறுகிக் கிடக்கும்.
ஒரு கையில் கைப்பிடிக் கம்பி,
மறு கையில் வினைச்சொல் அட்டவணை.
வழுக்கினால் எதை விடுவது என்று
வாரந்தோறும் யோசித்திருக்கிறேன்.

டாக்டர் ரோர்பாக் முதல் நாள் சொன்னதை
நோட்டில் தமிழில் குறித்துக்கொண்டேன்:
'இவர்கள் மெய்யை மட்டும் எழுதினார்கள்.
உயிரை வாசிப்பவர் கொடுக்க வேண்டும்.'
எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டேன்.
என்ன ஆயிற்று என்றாள் பக்கத்திலிருந்த இம்கே.
அவளுடைய மொழியில் அது இலக்கணம்,
அவ்வளவுதான்.
எப்படிச் சொல்வது? உனக்குத் தலைவலியா என்றாள்.
ஆமாம் என்றேன்.

முதல் தேர்வில்
ஒரு புள்ளியை வலமிருந்து இடம் தள்ளி
பாடுகிறவன் ஒருவனை இளவரசனாக்கினேன்.
அரை மதிப்பெண் போனது.
அவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

பிறகு சிவப்புப் பென்சில், நீலப் பென்சில்.
ஒரே வெள்ளம்;
நாற்பது நாள் சிவப்பில், நூற்றைம்பது நாள் நீலத்தில்.
யாரோ ஒருவன்
இரண்டு கதையையும் கையில் வைத்திருந்தான்,
ஒன்றைக் கிழித்துப்போட்டிருக்கலாம்.
கிழிக்கவில்லை. முரண் தெரியத் தெரியத் தைத்துவைத்தான்.
அவன் பெயர் யாருக்கும் தெரியாது.
எனக்கு அங்கே பிடித்துப்போன ஒரே ஆள் அவன்தான்.

ஞாயிறு மாலை அப்பா போனில் கேட்பார்,
ஜெபம் பண்ணுறியாம்மா?
வெள்ளத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறேன்
என்று எப்படிச் சொல்ல.
பண்ணுறேன்பா.

கடைசிப் பருவத்தில் பாடபேதம்.
இரண்டு ஏடுகள் ஒத்துப்போகாவிட்டால்
வழுவழுப்பாய் ஓடுவதை நம்பாதீர்கள் என்றார் ரோர்பாக்.
நகலெடுப்பவன் பாதையில் கல்லைக் கண்டால்
எடுத்து ஓரமாய்ப் போடுவான்.
கல்லைத் தூக்கிவந்து யாரும் பாதையில் வைப்பதில்லை.
கால் இடறுகிற பாடமே பெரும்பாலும் பழையது.

'பெரும்பாலும்' என்பதை
அவரே பலகையில் இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

என் ஆய்வேடு நாற்பத்தோராம் பக்கத்தில் நிற்கிறது.
உதவித்தொகை முடிந்தது. அப்பா போனார்.
ரயிலில் இருபது நிமிடம் தள்ளி, கீசனில்,
அகதி மனுக்களுக்கு மொழிபெயர்க்கிறேன்,
மணிக்கணக்குக்கு.
எபிரேயத்தில் மிஞ்சியது எண்கள் மட்டும்,
அதுவும் பத்து வரை.

போன செவ்வாய் ஒரு பையன்.
முல்லைத்தீவு. பெயர் தவயோகன்.
நகத்தைக் கடித்துக் கடித்துத் தசை தெரிந்தது.
அதிகாரி வைட்னர் நல்ல மனிதர்தான்,
தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:
முதல் விசாரணையில் லாரியில் ஒன்பது பேர் என்றீர்கள்.
இன்று பதினொன்று.
எதை எழுதிக்கொள்ள?

மொழிபெயர்த்தேன்.

அவன் சுவரைப் பார்த்தான்.
அண்டைக்கு ஒன்பது எண்டு சொன்னனான், ஓம்.
இண்டைக்குப் பதினொண்டு.

மொழிபெயர்த்தேன்.

என் வாய்க்குள் சிவப்பும் நீலமும்.
ஐயா, இந்த இடறலைப் பாருங்கள்,
பொய் சொல்கிறவன்
வரும் வழியிலேயே கணக்கைச் சரிசெய்திருப்பானே
என்று சொல்ல
மொழிபெயர்ப்பாளருக்கு அனுமதி இல்லை.
விதி ஒன்று: சொன்னதை மட்டும் சொல்.
விதி இரண்டு: சொன்னதை எல்லாம் சொல்.

அப்போது அவன் என் பக்கம் திரும்பி,
மெல்ல,
அக்கா, எதைச் சொன்னா நல்லது?

வைட்னர் விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு
காத்திருந்தார்.

நான் என்ன சொன்னேன் என்பதற்கு
கோப்பில் ஒரு பாடம் உண்டு.
சீராக, தேதி முத்திரையோடு, என் கையெழுத்தோடு
எங்கும் இடறாமல் ஓடுகிறது.