செவ்வாயும் சனியும்

ஊசி போடுகிறவள் நான். எந்த மருந்து என்று எனக்குத் தெரியும்.
படம் பார்க்கிற டாக்டர் ஊய்க்குத் தெரியக்கூடாது.
ஆய்வின் ஒழுங்கு அது.

ஒரே தலை, இரண்டு மருந்து,
நடுவில் நான்கு நாள்.
பழையது முழு அளவு, புதியது பாதி.
இரண்டிலும் காடோலினியம்தான்,
அதைப் பிடித்துவைக்கும் கூண்டு வேறு.

கன்னியப்பன், ஐம்பத்தாறு, பிறையில் வெல்டர்.
கண்ணுக்குள் இரும்புத்தூள் கிடந்தால்
காந்தம் இழுத்துவிடும் என்று
முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுத்தோம்.
"முப்பது வருஷம் முகமூடி போட்ட கண்ணு,
சுத்தமா இருக்கும்லா" என்றார்.
இருந்தது.

செவ்வாயும் சனியும் ஆகாது என்று
அவர் மனைவி தேதியை மாற்றக் கேட்டார்.
இயந்திரம் ஒழிந்திருந்தது அந்த இரண்டு நாள்தான்.

செவ்வாய்: வலது முன்மடலில்
அரைகுறையாய் ஒரு வெள்ளை வளைவு.
பிறை மாதிரி இருக்கிறதே என்று நினைத்து,
அவர் ஊர்ப்பெயர் உறைத்ததும்
சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது.

சனி: வளைவு மூடி வட்டமாகியிருந்தது.
சிறுமூளையில், கடுகைவிடச் சின்னதாய்,
இன்னொன்று.

இருட்டறையில் கோப்பியை ஆறவிட்டு
டாக்டர் ஊய் மதிப்பெண் போட்டார்.
ஓரம்: இரண்டு, நான்கு.
உள்ளமைப்பு: இரண்டு, மூன்று.
எண்ணிக்கை: ஒன்று, இரண்டு.
"இதுதான் அழகு" என்றார் மலாயில்.
படத்தைச் சொன்னார்.
நான் உதட்டை மடித்துக்கொண்டேன்.

முடிவு கேட்டுவிட்டு வெளியே வந்த திங்களன்று
நடைவழியில் என்னை நிறுத்தினார் கன்னியப்பன்.
"செவ்வாய்க்கெழம இல்லாதது
சனிக்கெழம எப்படி வந்துச்சு, மிசி?
ஒங்க மருந்து கொண்டாந்ததா?"

இல்லண்ணே, அன்னைக்கும் இருந்தது
என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
அவரே கப்பலுக்குப் போய்விட்டார்.
தையலில் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து
வெள்ளைப் பொடி அடித்தால்
மயிரிழை விரிசலும் ரத்தம்போல் கசியுமாம்.
மட்டச் சாயம் பூசினால் ஒன்றும் தெரியாதாம்.
அந்தக் கப்பலும் கடலுக்குத்தான் போகுமாம்.

"சாயத்துலயா ஓட்ட? கப்பல்லதானே."

கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார்.
"ஆனா மிசி, ஒண்ணுதான்னு சொன்னாங்கல்ல,
அந்த நாலு ராத்திரியும்
நல்லாத் தூங்குனேன்."

பட்டர்வொர்த் ஃபெரிக்கு நேரமாயிற்று.
அவர் மனைவி கேட்டது ஒன்றுதான்:
அறுவைக்காவது
வியாழக்கிழமை கிடைக்குமா?